ஆசைக்கு ஒரு மஞ்சாடி

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குமேல் கனகதாஸின் அச்சகத்தில் வேலை நடக்காது. அம்மிணி கட்டிங் மெஷினின் கத்தியைத் துடைத்து உறையை மாட்டுவாள். கனகதாஸ் தமிழ் எழுத்துப் பெட்டிகளையும் மலையாள எழுத்துப் பெட்டிகளையும் மூடிவிட்டு, பக்கங்களை அடுக்கிக் கட்டுகிற கல்மேசையை மண்ணெண்ணெய்த் துணியால் ஒருமுறையும் வெறும் துணியால் ஒருமுறையும் துடைப்பார். பிறகு மேசையின் நடுவில் ஒரு பால்பொடி டின்னை வைப்பார். அதில் இருந்தவை மஞ்சாடி விதைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு. வண்டு துளைத்ததையும் நிறம் மங்கியதையும் அவர் முன்பே பொறுக்கி எறிந்திருந்தார்.

அந்த மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்காருவார்கள். ஒருவன் பரமசிவன். ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிறவன். விடியுமுன் தொடங்கும் வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும். இன்னொருத்தி ஆதிரா. நெய்யாற்றின்கரையில் ஆதாரப் பத்திரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். மூன்றாவது அம்மிணி. அதே அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறவள், முப்பத்தைந்து வயது.

அந்த விளையாட்டைக் களி என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அதில் சீட்டுக்கட்டு இல்லை, ஜெயிப்பவரும் இல்லை. கனகதாஸ் ஒரு கற்பனை நாட்டைச் சொல்வார். அதில் ஒரு ஆறு, தோணி கடக்கிற ஏழு கடவு, ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு துறைமுகம், மேலே ஒரு மலைக்கோட்டை. அந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் உண்டு. தன் ஆள் என்ன செய்கிறான் என்பதை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகமுள்ள பிளாஸ்டிக் கட்டை ஒன்றை உருட்டுவார்கள். பத்துக்கு மேல் விழுந்தால் நடக்கும். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் இதை ஏதோ ஒரு சிட்டி, ஏலச்சீட்டு என்று நினைத்து, தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி இரண்டு முறை வந்து கேட்டார்.

அந்தக் கட்டை குவைத்திலிருந்து வந்தது. கனகதாஸ் அங்கே ஆறு வருஷம் ஒரு அச்சகத்தில் இருந்தார். உடன் வேலை செய்த கோவாக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் அறைக்குக் கூப்பிட்டு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். கனகதாஸோடு பாறசாலைக்காரன் ஒருவனும் அங்கே போய் உட்காருவான். டைல் ஒட்டும் வேலைக்கு வந்த செல்லையன். அம்மிணியின் புருஷன்.

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில் சண்டை வந்தது. செப்டம்பரில் கனகதாஸும் செல்லையனும் மற்ற பலரோடு பாஸ்ரா வழியாக, பாக்தாத் வழியாக, ஜோர்டான் எல்லைக்கு முன்னால் வெட்டவெளியில் போட்டிருந்த கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே எட்டு நாள். ஆறாம் நாள் செல்லையனுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. எட்டாம் நாள் கனகதாஸ் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது ஒரு பஸ் வந்தது. பெயர் வாசித்தார்கள். கனகதாஸின் பெயர் இருந்தது, செல்லையனின் பெயர் இல்லை. கூடாரம் நானூறு அடி தூரத்தில் இருந்தது. கனகதாஸ் பஸ்ஸில் ஏறினார்.

ஊருக்கு வந்த மறுநாள் அம்மிணி வீட்டுக்கு வந்தாள். எல்லையில் பிரிந்துவிட்டோம், செல்லையன் வேறு பஸ்ஸில் ஏறினான் என்று கனகதாஸ் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. அவள் முற்றத்தில் வந்து நின்றபோது வாயில் வந்தது அது. அடுத்த மாதங்களில் அவள் திருவனந்தபுரத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் அலைந்தாள். மனு எழுதினாள். எந்த பஸ், என்ன நிறம், எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஆபீஸிலும் கேட்டார்கள். அதையெல்லாம் அவள் திரும்பி வந்து கனகதாஸிடம் கேட்டாள். அவர் வெள்ளை பஸ் என்றார்.

மறுவருஷம் ரோட்டோரம் ஒரு பழைய டிரெடில் மெஷினை வைத்து அச்சகம் தொடங்கியபோது அவர் முதலில் வேலைக்கு எடுத்தது அம்மிணியை. நல்ல மனுஷன் என்று தேவாலயச் சபையில் சொன்னார்கள். அவருடைய மனைவி ஆனந்தபாய்கூட அப்படித்தான் நினைத்தாள்.

களியைத் தொடங்கியது தொண்ணூற்றிநாலில். கோவாக்காரர் சொல்லித்தந்த சட்டப்படி, எதிரியைக் கொன்றால் மார்க், பொன்னைக் கொண்டுவந்தால் மார்க். மூன்று மாதத்தில் அது சலித்துவிட்டது. பரமசிவனின் ஆள் கண்ணில் கண்டவனையெல்லாம் வெட்டினான். ஆதிராவின் ஆள் பொன் எங்கே என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அம்மிணி, தன் முறை வந்தால், நானும் வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை கனகதாஸ் சட்டத்தை மாற்றினார். கொன்றதற்கு மார்க் கிடையாது. ஒவ்வொருவரும் தன் ஆளுக்கு உள்ளே கிடக்கும் ஆசை என்ன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதித் தர வேண்டும். அந்த ஆசைக்காக, தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே ஒரு காரியம் செய்தால் ஒரு மஞ்சாடி. நஷ்டம் இல்லாமல் செய்தால் இல்லை. வாயால் ஆசையைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் இல்லை. சேர்த்த மஞ்சாடியைக் கட்டையோடு வைத்தால் விழுந்த எண்ணோடு கூடும். இன்னொரு உபயோகமும் வைத்தார். ஒரு மஞ்சாடியைத் திருப்பிக் கொடுத்தால், கதையில் எதிரே நிற்கிற எவனுடைய ஆசையையும் கேட்கலாம். அதற்கு மட்டும் கனகதாஸ் பொய் சொல்லக்கூடாது.

பரமசிவனின் ஆள் ஒரு திருடன். ராஜா ஒரு வாட்டியாவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடணும் என்று அவன் ஆசையை எழுதினான். இரண்டு மாதம் கழித்து அந்தத் திருடன் கஜானாவுக்குள் தனியாக, கை நிறையப் பொன்னோடு நின்றான். வெளியே ராஜா நடந்துபோகிற சத்தம் கேட்டது. பரமசிவன் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, என் ஆள் உள்ளேயிருந்து தன் பெயரைச் சத்தமாகச் சொல்கிறான் என்றான். ஆளைப் பிடித்தார்கள். பொன் போயிற்று. விசாரணையில் ராஜா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பத்து வருஷம் தண்டனை என்றார். நஷ்டம் பெரிது என்பதால் கனகதாஸ் ஒன்றுக்குப் பதிலாக நாலு மஞ்சாடி எண்ணி வைத்தார்.

"கூப்பிட்டான் பாத்தியளா," என்றான் பரமசிவன். "பத்து வருஷம் உள்ளதான். ஆனா பேரு சொல்லியாக்கும் கூப்பிட்டான்."

ஆதிரா அவனைப் பைத்தியம் என்றாள். ஆனால் அன்றைக்குப் பிறகு யாரும் பொன்னைப் பற்றிப் பேசவில்லை.

அம்மிணியின் ஆள் மூன்றாம் கடவில் தோணி தள்ளுகிற கடத்துக்காரி. அவள் எழுதிக் கொடுத்த துண்டை கனகதாஸ் மேசையின் கீழே விரித்துப் படித்தார். போன ஆளைக் கண்டுபிடிக்கணும் என்று இருந்தது. அவர் அதை நாலாக மடித்து டின்னுக்கு அடியில் வைத்தார். வேறு ஏதாவது எழுது என்று அவர் அன்று சொல்லியிருக்கலாம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எண் போடுவதை அவள் வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டு வந்தாள். கடத்துக்காரி ஒரு செய்திக்காகத் தோணியைக் கொடுத்தாள். இன்னொரு செய்திக்காக ஒரு மழைக்காலம் முழுக்கத் துறைமுகத்தில் மூட்டைச் சுமடு எடுத்தாள். கனகதாஸ் அவளுக்குக் காற்றை எதிராக வீசச் செய்தார், பாலத்தை உடைத்தார், தவறான ஊருக்கு அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் அவள் நஷ்டப்பட்டாள். ஒவ்வொரு தடவையும் சட்டப்படி அவருக்கு மஞ்சாடி வைக்க வேண்டி வந்தது. மூன்று வருஷத்தில் அவளிடம் பத்தொன்பது சேர்ந்தன. அவற்றை அவள் பழைய டால்கம் பவுடர் டப்பாவில் வைத்திருந்தாள்.

தொண்ணூற்றாறு டிசம்பரில் சபைக்கு வாக்குத்தத்த அட்டைகள் அச்சடித்தார்கள். வருஷப் பிறப்பன்று ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒவ்வொருவரும் ஒன்றை எடுப்பார்கள். அதில் வருகிற வசனம் அந்த வருஷத்துக்கு அவர்களுக்குக் கிடைத்த வாக்கு. சிலர் சுவரில் ஒட்டுவார்கள், சிலர் பைபிளுக்குள் வைப்பார்கள். ஓரத்தில் பூ அச்சடித்த அட்டைகள் கொஞ்சம் மிஞ்சின. கனகதாஸ் எதையும் வீணாக்குகிறவர் இல்லை. களியில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விதி வேண்டும் என்று அவர் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். ஆசை உள்ளேயிருந்து வருவது, விதி வெளியேயிருந்து வருவது, இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கதை முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம். மிஞ்சிய அட்டைகளில் ஒன்பது விதிகளைக் கையால் எழுதினார். அட்டை அப்படி இருந்ததாலோ என்னவோ வார்த்தைகளும் பைபிள் வசனம்போலவே வந்தன. ஜனவரி முதல் சனிக்கிழமை அவற்றைக் கவிழ்த்து வைத்து ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். மேசையில் போடுகிற அன்று அந்த விதி நடந்தே தீரும் என்றார். பரமசிவனுக்கு, நீ இறங்கின குழியிலிருந்து ஏறுவாய். ஆதிராவுக்கு, உன் கையால் கட்டினதை உன் கையால் அவிழ்ப்பாய். அம்மிணிக்கு, நீ தேடினதைக் காண்பாய்.

பரமசிவன் சட்டைப்பையிலும் ஆதிரா ஹேண்ட்பேக்கிலும் அட்டையைப் போட்டுக்கொண்டார்கள். அம்மிணி தன்னுடையதைக் கொண்டுபோய், அந்த வருஷம் சபையில் எடுத்த அட்டை இருந்த அதே பக்கத்தில், பைபிளுக்குள் வைத்தாள்.

இது கனகதாஸுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. செப்டம்பரில் ராஜதாஸ் அச்சகத்துக்கு வந்தார். பாலராமபுரத்தில் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். மனைவி இறந்து நாலு வருஷம். அவருடைய அக்கா அம்மிணியின் வீட்டுக்குப் போய்க் கல்யாணம் பேசியிருந்தாள். ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாத ஆளை இல்லை என்று கோர்ட்டில் எழுதி வாங்கலாம், அதற்குப் பிறகு சபையில் தடை இல்லை என்று போதகரும் சொல்லியிருந்தார். அம்மிணி மறுத்துவிட்டாள்.

ராஜதாஸ் உட்காரவில்லை. கையில் இருந்த டெஸ்டர் ஸ்குரூடிரைவரைத் திருகிக்கொண்டே பேசினார். அம்மிணிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றால் அது வேறு, அதைச் சொல்லிவிடலாம் என்றார். ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை.

"செல்லையன் உயிரோட உண்டுண்ணா நான் விலகி நிக்கேன்," என்றார். "இல்லைண்ணா, இல்லைண்ணு ஒருத்தன் சொல்லணும்லா? யாரு சொல்லுவா? கூட வந்தது அண்ணன் ஒருத்தர்தானே."

தான் பேசிப் பார்ப்பதாகக் கனகதாஸ் சொன்னார். பேசவில்லை. அந்தச் சனிக்கிழமை ஆதிரா சீக்கிரமே வந்து, அம்மிணி டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், தாழ்ந்த குரலில் சொன்னாள். கோர்ட்டுக்கு வேண்டிய கடிதத்தைத் தானே இலவசமாக டைப் பண்ணித் தருவதாகவும், கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றும் அவள் அம்மிணியிடம் சொல்லியிருக்கிறாள். அம்மிணி பைபிளைத் திறந்து இரண்டு அட்டைகளையும் காட்டியிருக்கிறாள்.

"ஒண்ணு சபையில எடுத்தது. மற்றது அண்ணன் எழுதினது," என்றாள் ஆதிரா. "காண்பாய்ண்ணு எழுதியிருக்குல்லா, பின்ன நான் எப்பிடி ஒப்புப் போடுவேன்னு கேக்கா. இது களியாக்கும்னு சொன்னேன். வருஷத்துக்கு ஒரு அட்டைதானே எடுப்பேன், இந்த வருஷம் ரெண்டு வந்திருக்கே, அது சும்மாவாண்ணு கேட்டா. நான் என்ன சொல்ல?"

அன்று களி நடந்தது. கடத்துக்காரியின் முறை வந்தபோது கனகதாஸ் தலைவலி என்று முடித்துக்கொண்டார். அடுத்த வாரம் கரண்ட் இல்லை என்றார். பகல் மூன்று மணிக்குக் கரண்ட் எதற்கு என்று பரமசிவன் கேட்டான். அதற்கடுத்த வாரம் கடத்துக்காரி வந்த வழியில் மறுபடியும் ஒரு பாலம் உடைந்தது.

"அண்ணன், இது அஞ்சாவது பாலம்," என்றான் பரமசிவன். "அந்த நாட்டுல பாலம் கட்டின கான்ட்ராக்டர் யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மிணி சிரிக்கவில்லை. அவள் கனகதாஸின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க கனகதாஸ் ஒரு காட்சியை எழுதினார். புரூப் திருத்துவதுபோல மூன்று தடவை அடித்து எழுதினார். கடத்துக்காரி துறைமுகத்துக்கு அப்பால் போவாள். அங்கே ஆளைப் புதைத்த ஒரு மணல்மேடு இருக்கும், அதன்மேல் ஒரு துடுப்பு நட்டிருக்கும். தேடினது இங்கே என்று ஒருவன் காட்டுவான். விதி நடந்துவிடும். அம்மிணி கடத்துக்காரிக்காக அழுவாள். அழுது முடிந்தபிறகு தன்னுடைய காரியமும் அப்படித்தான் என்று தானாகவே மனசுக்குள் ஏற்றுக்கொள்வாள். யாரும் எதையும் வாயால் சொல்ல வேண்டி வராது. தாளில் வாசித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மேட்டைக் காட்டுகிறவன் யார் என்று அவர் எழுதியிருக்கவில்லை. எழுத்தில் ஒரு புள்ளி தவறினால் முழுப் பக்கத்தையும் நிறுத்துகிறவர், அதை விட்டுவிட்டார்.

அக்டோபரில் துலாமழை மதியத்துக்குமேல் இடியோடு வரும். அன்றும் வந்தது. மழைச் சத்தத்தில் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. அம்மிணி பவுடர் டப்பாவைத் திறந்து பதினைந்து மஞ்சாடியை எண்ணி வைத்தாள். அட்டையையும் வைத்தாள். அதன் ஓரங்கள் மடங்காமல், நேற்று வெட்டியதுபோல இருந்தன. கட்டையை உருட்டினாள். ஆறு விழுந்தது. பதினைந்தோடு இருபத்தொன்று. அந்த மேசையில் இருபதுக்கு மேல் யாருக்கும் விழுந்ததில்லை.

கனகதாஸ் தாளைப் பார்க்காமலே சொன்னார். மேடு, துடுப்பு, பக்கத்தில் நிற்கிறவன், அவன் கையைக் காட்டுவது.

முதலில் பேசியது பரமசிவன். இருபத்தொன்று விழுந்தவளுக்கு மண்ணைக் காட்டுவது என்ன நியாயம் என்று கேட்டான். தன் ஆளைப் பத்து வருஷம் உள்ளே போட்டபோதுகூட தான் ஒன்றும் சொல்லவில்லை, இது சரியில்லை என்றான். காண்பாய் என்றுதான் அட்டையில் இருக்கிறது, மேட்டைக் காண்பது ஆளைக் காண்பதாகாது என்று ஆதிரா சொன்னாள். இருவரும் உண்மையாகவே கோபப்பட்டார்கள். அம்மிணி அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு மீதி இருந்த நாலு மஞ்சாடியில் ஒன்றை விரலால் தள்ளி, கனகதாஸின் பக்கத்தில் வைத்தாள்.

"பக்கத்தில நிக்கானே, அவனுக்க ஆசை என்ன?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். கூலிக்கு நிற்கிறான், மழைக்கு ஒதுங்க நினைக்கிறான், எதுவும். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு அவர் மூன்று வருஷத்தில் பொய் சொன்னதில்லை. மஞ்சாடியைக் கையில் எடுத்தார்.

"அவ ஒண்ணும் கேக்காம திரும்பிப் போகணும்னு அவனுக்கு ஆசை," என்றார்.

அம்மிணி இரண்டாவது மஞ்சாடியை வைத்தாள். "என்னத்துக்கு?"

ஆசையைத்தான் கேட்கலாம், காரணத்தைக் கேட்கச் சட்டம் இல்லை என்று ஆதிரா பழக்கத்தில் சொன்னாள்.

"நான் களியில கேக்கல்ல," என்றாள் அம்மிணி. அவள் ஆதிராவின் பக்கம் திரும்பவில்லை. "அண்ணன், அவிய எந்த பஸ்ஸில ஏறினாவ?"

மழை ஓட்டின்மேல் பெய்துகொண்டிருந்தது. பரமசிவன் எழுந்து குடையை எடுத்தான். குடை இல்லாத ஆதிராவும் அவன் பின்னாலேயே போய், இருவரும் முன்வாசல் கூரை இறக்கத்தின் கீழ் ரோட்டைப் பார்த்து நின்றார்கள்.

"ஏறல்ல," என்றார் கனகதாஸ்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தாமல் சொன்னார். தார்ப்பாயின் நிழலில் செல்லையனைக் கிடத்தியிருந்தது. அவன் தண்ணீர் கேட்டது. நீல நிற கேனை எடுத்துக்கொண்டு போனது. வரிசை, பஸ், பெயர் வாசித்தது. ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தால் பஸ் போய்விடும் என்று நினைத்தது. பஸ்ஸில் உட்கார்ந்து, அம்மானில் இறங்கியதும் யாரிடமாவது சொல்லலாம் என்று நினைத்தது. அம்மானில் ஒரு மேசையில் சொன்னது, அவர்கள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டது. வெள்ளை பஸ் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது.

அம்மிணி கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ அவியளுக்கு உயிரு உண்டா?"

"உண்டு. பேசிக்கொண்டுதான் கிடந்தான்."

"கேன்ல தண்ணி உண்டா?"

"பாதி உண்டு."

"அதை என்ன செய்தீங்க?"

"பஸ்ஸில எல்லாருமா குடிச்சோம்."

"நீங்களும்?"

"நானும்."

வாசலில் நின்ற இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அம்மிணி, அவர் என்ன பேசினார் என்று கேட்டாள். கடைசியாக என்ன பேசினார் என்று.

கனகதாஸுக்கு அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கூடாரத்தில் நேரம் போகாமல் இருவரும் தாள் இல்லாமல், பென்சில் இல்லாமல், வாயாலேயே களித்துக்கொண்டிருந்தார்கள். கட்டை மட்டும் கனகதாஸின் பையில் இருந்தது. செல்லையனின் ஆள் ஒரு வேட்டைக்காரன். வழியில் ஒரு புலி வந்தது. கொல்ல வேண்டாம், சுற்றிப் போகிறேன் என்று செல்லையன் சொன்னான். கொன்றால்தான் மார்க் என்று கனகதாஸ் சொன்னார். கொன்றதற்கெல்லாம் மார்க் போடுகிறாய், ஒருத்தன் வீட்டுக்குப் போகணும் என்று நடந்தால் அதற்கு மார்க் கிடையாதா என்று செல்லையன் கேட்டான். கேட்டுவிட்டு, தண்ணீர் வேண்டும் என்றான்.

மஞ்சாடிச் சட்டம் கனகதாஸின் சொந்த மூளையில் தோன்றியது என்றுதான் மூன்று பேரும் நினைத்திருந்தார்கள். அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

அம்மிணி கட்டையை மேசையில் வைத்தாள். மஞ்சாடிகளை அள்ளி டின்னுக்குள் போட்டாள். பவுடர் டப்பாவில் இருந்த கடைசி இரண்டையும் போட்டாள். அட்டையை எடுக்கவில்லை.

"கோர்ட்டில வந்து இதைச் சொல்லணும்," என்றாள். "எனக்கிட்ட சொன்னதுபோல. தண்ணி குடிச்சதும் சொல்லணும்."

திங்களும் செவ்வாயும் அவள் வேலைக்கு வந்தாள். பாதியில் கிடந்த கூட்டுறவுச் சங்கத்து ரசீதுப் புத்தகங்களை முடித்து, கட்டி, எண்ணி அடுக்கினாள். புதன்கிழமை வரவில்லை. நெய்யாற்றின்கரையில் வேறொரு இடத்தில் புத்தகம் கட்டப் போகிறாள் என்று ஆதிரா சொல்லித்தான் தெரிந்தது. சனிக்கிழமைகளில் கனகதாஸ் கல்மேசையைத் துடைத்து டின்னை வைத்தார். ஆதிரா வரவில்லை. பரமசிவன் ஒரே ஒரு தடவை வந்து, உட்காராமல், தன் ஆள் அந்தக் குழியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். டிசம்பரில் சபையின் அட்டை வேலை வேறு அச்சகத்துக்குப் போயிற்று. யாரும் காரணம் சொல்லவில்லை.

கேஸை மார்ச்சில் எடுத்தார்கள். கனகதாஸ் அதுவரை வீட்டில் ஆனந்தபாயிடம் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அவருக்குக் கோர்ட்டுக்குப் போட்டுப்போக வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். தானும் வருகிறேன் என்றாள். அவரோடு ஒரே பஸ்ஸில் வந்தாள். வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

கூண்டில் நின்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். பாதிக் கேனையும் சொன்னார். ஏழு வருஷம் ஏன் சொல்லவில்லை என்று வக்கீல் கேட்டார். அவளுக்கு வேலை கொடுத்திருந்தேன், அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன் என்றார் கனகதாஸ். வாக்குமூலம் எழுதுகிறவர் அதை மறுபடியும் சொல்லச் சொன்னார். அவர் மறுபடியும் சொன்னார்.

வெளியே வராந்தாவில் ராஜதாஸ் ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்து நின்றிருந்தார். அம்மிணி அவரிடம் ஏதோ சொல்ல, அவர் தலையசைத்துவிட்டுப் படி இறங்கினார். அவள் கனகதாஸிடம் வந்தாள். அக்டோபருக்குப் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது அப்போதுதான்.

"அவியளுக்க ஆளு, அந்த வேட்டைக்காரன்," என்றாள். "வீட்டில போய்ச் சேர்ந்தானா?"

"இல்ல," என்றார் கனகதாஸ். "முடிக்கல்ல. புலியைச் சுத்தி வந்து ஆத்துக்கு இந்தப் பக்கம் நிக்கான்."

அவள் அதை யோசித்தாள். அவளுடைய கடத்துக்காரி எத்தனையோ ஆட்களை ஏற்றி இறக்கிய ஆறாக இருக்கலாம் அது. கனகதாஸ் வாயைத் திறந்தார். அவனை அக்கரை சேர்த்துவிடலாம், இப்போதே, கட்டைகூட வேண்டாம் என்று சொல்ல நினைத்தார்.

"அங்ஙனயே நிக்கட்டும்," என்றாள் அம்மிணி. "இனி அவனை நீங்க நடத்தாண்டாம்."

அவள் படி இறங்கிப் போனாள். கனகதாஸ் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். ஆனந்தபாய் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவர் நின்றால் அவளும் நின்றாள்.